மரியாதையாய் ஒரு பிடி

“ஐயா, வாற ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கொண்டுபோய்த் தூவப்போறாவாம்.”

லண்டனிலிருந்து ஜெகதீஸ் இதைச் சொன்னபோது மயில்வாகனம் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையில் போன். மறுகையில் கிளுவங்குழை. ஆடு குழையை எட்டி இழுத்தது. அவர் கை விடவில்லை.

“எதைத் தம்பி?”

“கரன்ர சாம்பலை.”

ஆடு கடைசியில் இழுத்தே விட்டது.

சிவகரன் அவருடைய ஒரே மகன். போன மாதம் இங்கிலாந்தில் வேலைக்குச் சைக்கிளில் போனவனை லொறி ஒன்று அடித்துப்போட்டது. அங்கேயே எரித்தார்கள். நாரந்தனையில் அவர் வீட்டில் பெட்டி இல்லாமல் ஒரு செத்தவீடு நடந்தது. படத்துக்கு மாலை போட்டு, பந்தல் போட்டு, ஊர் வந்து இருந்துவிட்டு எழும்பிப் போனது. அதற்குப் பிறகு அந்த வளவில் மயில்வாகனமும் ஆடும்தான். மனைவி சத்தியபாமா போய்ப் பல வருடம்.

இனி அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும். கரைப்பதற்கு எதுவும் கையில் இல்லை.

“மலையிலையோ? தண்ணியில இல்லையோ?”

“அவனும் ஹெலனும் லீவு நாளில ஏறுற மலையாம் ஐயா. அவனுக்கு அந்த இடம் விருப்பமாம்.”

“தம்பி, நீர் ஒருக்காக் கேட்டுப் பாருமன். முழுக்க வேண்டாம். அவ பெண்சாதி, அவவுக்குத்தான் உரிமை. எனக்கு ஒரு பிடி காணும்.”

ஜெகதீஸ் அதே ஊரவன், சிவகரனோடு ஒரே அறையில் இருந்து படித்தவன். மறைக்கத் தெரியாதவன்.

“கேட்டனான் ஐயா.”

“கேட்டு?”

“‘வேணுமெண்டால் அவரே கேக்கட்டும். அவருக்கு என்னோட கதைக்கவே விருப்பமில்லை’ எண்டு சொல்லிப்போட்டா.”

“ஆருக்கு விருப்பமில்லை? எனக்கோ?” மயில்வாகனத்துக்குக் குரல் எழும்பியது. “நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறனான்தானே! ‘ஹெலன், ஈட்டிங்? ஸ்லீப்பிங்?’ எண்டு கேக்கிறன். அவ ‘யெஸ்’ எண்டுவா. பேந்து ரெண்டுபேரும் முகத்தை முகம் பாத்துக்கொண்டிருப்பம். வைப்பன். வேறை என்ன செய்ய?”

“ஈட்டிங்? ஸ்லீப்பிங்? ஐயா, அது சி.ஐ.டி. விசாரணை மாதிரியெல்லோ இருக்கும்.”

“எனக்கு வந்த இங்கிலீசு அவ்வளவுதான்.”

“அதுதான் பிழைச்சிருக்கும். வெள்ளையள் பிளீஸ், தாங்க்யூ எல்லாம் எண்ணிப் பாக்கிற சனம். மரியாதை குறைஞ்சுபோச்செண்டு நினைச்சிருப்பா. நீங்கள் வடிவாய், மரியாதையாய், உங்கட வாயாலை ஒருக்காக் கேளுங்கோ. நான் இடையில நிண்டால் அவவுக்கு இன்னும் கோவம் வரும்.”

போன் வைத்த பிறகும் மயில்வாகனம் அங்கேயே நின்றார்.

மகன் இருக்கும்வரை ஹெலன் அவருக்கு ஒரு கை மட்டும்தான். வீடியோவில் சிவகரனின் தோளுக்குப் பின்னாலிருந்து நீண்டு ஆடும் ஒரு வெள்ளைக் கை. “ஹலோ அப்பா” என்ற குரல். மற்ற எல்லாவற்றையும் அவன் அங்கும் இங்கும் மாற்றிச் சொல்லுவான். இப்போது திரை முழுக்க ஹெலனின் முகம்தான். மாற்றிச் சொல்ல ஆளில்லை.

ஞாயிறுக்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆங்கிலத்தில். மரியாதையாக.

*

பிரேமினி ரீச்சரின் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு ஊர்காவற்துறையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே நடந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் இளம் பெண்கள். அத்தனை பேருக்கும் லண்டனில் மாப்பிள்ளை. கலியாண எழுத்துப் பதிவு முடிந்துவிட்டது. இனி ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் ஒரு சோதனை. அதில் தவறினால் விசா இல்லை.

கடைசி வரிசை வாங்கில் மயில்வாகனம் போய் இருந்தார். முன் வரிசையில் இருந்த ஒருத்தி முழுதாகத் திரும்பிப் பார்த்தாள். பெயர் கம்சிகா. வாயை அடக்க அந்த வகுப்பில் யாராலும் முடிந்ததில்லை.

“அங்கிள், உங்களுக்கு எங்கை மாப்பிளை?”

வகுப்பு குலுங்கியது.

“லண்டன்,” என்றார் மயில்வாகனம்.

“ஆர் ஸ்பொன்சர்?”

“மருமகள்.”

“குடுத்து வைச்ச மனிசன். என்ர மாமி ரிக்கெற் காசைக் கேட்டாலே மயங்கி விழுறா.”

“கம்சிகா, உம்மட வாய்க்குத் தனியாய் ஒரு விசா எடுக்கோணும்,” என்றாள் பிரேமினி. நாற்பது வயதுப் பெண். பேசும்போது சோக்கட்டியைத் தூக்கிப் பிடிப்பாள், எறிவாளோ என்று பயமாயிருக்கும். “ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. என்னத்துக்கு இங்கிலீசு?”

“ஒரு சாமான் கேக்கோணும் ரீச்சர். மரியாதையாய்.”

“நல்ல நேரம் வந்திருக்கிறியள். இந்தக் கிழமை அதுதான் பாடம்.”

அவள் கரும்பலகைக்குத் திரும்பினாள்.

“இஞ்சை பாருங்கோ. எங்களுக்கு மரியாதை வாலிலை. தா, தாரும், தாங்கோ. கடைசியில ஒரு ‘ங்கோ’ வந்தால் காணும், கேக்கிறவன்ர வயிறு குளிர்ந்திடும். இங்கிலீசுக்காரனுக்கு மரியாதை தலையிலை. வாயைத் திறக்கேக்கையே குனிஞ்சுகொண்டு திறக்கோணும். ‘குட் யூ பிளீஸ்.’ ‘குட் ஐ ஹாவ்.’ சாமான்ர பேர் பேந்துதான். ‘கிவ் மீ வோட்டர்’ எண்டு கேட்டால் தண்ணி தருவான். ஆனால் உங்களைப் பற்றி ஒரு முடிவும் எடுத்திடுவான்.”

மயில்வாகனத்துக்குத் தன் கேள்விகள் ஞாபகம் வந்தன. ஈட்டிங்? ஸ்லீப்பிங்?

ஹெலன் அவரைப் பற்றி எடுத்த முடிவு அதுதானா?

பழகிப் பார்ப்பதற்கு ஆளுக்கு ஆள் சோடி சேர்த்தாள் பிரேமினி. கம்சிகா தேத்தண்ணிக் கடைக்காரி. மயில்வாகனம் வாடிக்கையாளர். ஒரு கோப்பைத் தேநீர் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் கம்சிகா இடுப்பில் கை வைத்து நின்றாள். இந்தப் பக்கம் மயில்வாகனம். ஒரு கணம். இரண்டு கணம்.

“யெஸ் மேடம்,” என்றார் மயில்வாகனம். “வட் யூ வோண்ட்?”

“ஐயோ அங்கிள்! நான்தான் கடை! நீங்கள் கேக்கோணும்!”

“பதுளையில அப்பாவின்ர கடையில வளர்ந்தனான் பிள்ளை,” என்றார் அவர், சிரிப்பு அடங்கியதும். “சிங்களத்தில, தமிழில, ரெண்டிலையும் ‘என்ன வேணும்’ எண்டு கேட்டுத்தான் பழக்கம். எனக்கு இது வேணும் எண்டு கேட்டுப் பழக்கமில்லை.”

“அப்ப இப்ப பழகுங்கோ. குட் ஐ ஹாவ்…”

“குட் ஐ ஹாவ்…” அவர் நிறுத்தினார். பிரேமினியின் பக்கம் திரும்பினார். “ரீச்சர், எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். ‘கொஞ்சம்’ எண்டதுக்கு என்ன சொல்லுறது?”

“எ லிட்டில். என்ன கொஞ்சம்? சீனியோ, பாலோ?”

“சாம்பல்.”

யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள்.

“என்ர மகன்ர சாம்பல்,” என்றார் மயில்வாகனம். “மருமகளிட்டை இருக்குது. ஞாயிற்றுக்கிழமை முடிஞ்சுபோம்.”

கீழே புடவைக்கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் மேலே வரை கேட்டது.

பிரேமினி சோக்கட்டியை வைத்தாள். பலகையில் இருந்த தேநீர், தண்ணீர், பஸ் ரிக்கெற் எல்லாவற்றையும் அழித்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வசனத்தை எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் அவருக்கு வாயசைத்துக் காட்டினாள்.

பிறகு கம்சிகா கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு இருந்தாள். முகத்தில் இருந்த பகிடி எங்கோ போய்விட்டது.

“நான்தான் ஹெலன். கேளுங்கோ அங்கிள்.”

அவர் கைகளை மடியில் வைத்தார்.

“குட் யூ பிளீஸ் கிவ் மீ… எ லிட்டில்… ஒஃப் மை சன்?”

பலகையில் ‘ஆஷஸ்’ என்று இன்னொரு சொல்லும் இருந்தது. அவர் வாய் அந்தச் சொல்லுக்குப் போகவில்லை.

“ஓம் அங்கிள், தாறன்,” என்றாள் கம்சிகா. கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

“இங்கிலீசில சொல்லும்,” என்றாள் பிரேமினி.

அன்று பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சொன்னார். குசினியில் சொன்னார். ஆடு தலையைச் சாய்த்துக் கேட்டது. அந்த வீட்டுச் சுவர்களுக்குள் முழுதாக ஒரு வசனம் ஒலித்து எத்தனையோ நாள். சொன்ன பிறகு, பதில் வருமோ என்று காது தானாகவே காத்திருந்தது. அதை அவர் கவனித்தார். கவனித்ததும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டார்.

*

வெள்ளிக்கிழமை பின்னேரம். அங்கே மத்தியானம்.

முகம் கழுவி, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு மேசையில் இருந்தார். போனைச் செம்பில் சாய்த்து நிறுத்தினார். பெரியவர்கள் வீட்டுக்குச் சம்பந்தம் கேட்கப் போகிறவரைப் போல இருந்தது கோலம்.

ஹெலன் எடுத்தாள்.

கன்னம் ஒட்டிப்போய், கண் வீங்கி, தலை வாராமல். தோளில் கிடந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை சிவகரனுடையது. அதைப் போட்டுக்கொண்டு அவன் எத்தனையோ தடவை இதே திரையில் வந்திருக்கிறான்.

“ஹலோ,” என்றாள். அப்பா என்ற சொல் வரவில்லை.

“ஹெலன். ஹவ் ஆர் யூ, பிளீஸ்?”

அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

இப்போதுதான். மயில்வாகனம் மூச்சை இழுத்தார். சொன்னார். ஒரு சொல் தவறவில்லை. ‘குட் யூ’ சரி. ‘பிளீஸ்’ சரி. இந்தத் தடவை ‘ஆஷஸ்’ கூட வந்தது. கடைசியில் பிரேமினி சொல்லாத ஒரு ‘தாங்க்யூ மேடம்’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கடைப் பழக்கம்.

ஹெலன் வாயைப் பொத்தினாள்.

தோள் குலுங்கியது. பிறகு கையை எடுத்து வேகமாக என்னவோ சொன்னாள். அவருக்குப் பிடிபட்டது இரண்டே சொல். ‘திங்க்.’ ‘டுமோரோ.’ யோசிக்க வேண்டும். நாளைக்கு. நியாயம்தான். எவ்வளவு பெரிய சாமான். யோசிக்காமல் கொடுக்கலாமா?

அவர் தலையாட்டினார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளுக்கு அழுகை அடங்குவதுபோலத் தெரிந்தது. உதடு மறுபடி அசைந்தது.

மயில்வாகனம் சிவப்புப் புள்ளியை அழுத்தி போனை வைத்தார்.

அன்றைக்கு வெகு நாளுக்குப் பிறகு இரண்டு கோப்பை சோறு உண்டார்.

*

சனிக்கிழமை மத்தியானம் திரும்பியதும் ஜெகதீஸ் எடுத்தான். எடுத்த எடுப்பிலேயே குரல் சுட்டது.

“என்ன ஐயா செய்தனீங்கள்?”

“கேட்டனான். மரியாதையாய்த்தான் கேட்டனான். ஏன், பிழையோ?”

“கேட்டது நல்லாக் கேட்டனீங்களாம். அவ சொன்னவ, அப்பிடி வடிவாய் ஒருத்தரும் தன்னை ஒண்டும் கேட்டதில்லையெண்டு. அவ பதில் சொல்லிக்கொண்டிருக்கேக்கை முகத்திலை அடிச்ச மாதிரி வைச்சனீங்களாம்!”

“என்னத்தை?”

“போனை! நேற்று மட்டுமில்லை. ஒவ்வொரு நாளும் அப்பிடித்தானாம். கரனை எரிச்ச அண்டும் அவ உங்கட பேரைச் சொல்லிக்கொண்டு நிக்க, டக்கெண்டு வெட்டினதாம். ‘என்னாலைதான் அவன் செத்தவன், அதாலை அவருக்கு என்ர முகத்தைப் பாக்க வெறுப்பு’ எண்டு அழுறா. இண்டைக்கு வெளிக்கிடுறா ஐயா. மலையடியில தங்கி, காலமை ஏறப்போறா. எல்லாத்தையும் அங்கையே தூவப்போறன், ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டா.”

மயில்வாகனத்துக்கு முதலில் விளங்கவே இல்லை.

“சொல்லாமல்தானே தம்பி வைக்கோணும்?”

“ஏன் சொல்லாமல் வைக்கோணும்? ஒரு ‘பாய்’ சொன்னால் என்ன குறைஞ்சுபோம்?”

“தம்பி,” என்றார் மயில்வாகனம் மெதுவாக. “அது செத்தவீடு. செத்தவீட்டில இருந்து போட்டு வாறன் எண்டு சொல்லிக்கொண்டோ எழும்புறது? என்ர வீட்டில ஊரெல்லாம் வந்து இருந்தது. ஒரு குருவியெண்டாலும் சொல்லிட்டுப் போனதோ?”

ஜெகதீஸின் பக்கம் ஒரு வாகனம் கடந்துபோகும் சத்தம்.

“ஐயோ,” என்றான் அவன்.

நாரந்தனையில் பிறந்தவன் மறந்த ஒன்றை, பிறக்காதவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? போட்டு வாறன் என்றால் போய் மறுபடி வருவேன் என்று. செத்தவீட்டுக்கு மறுபடி வருவதென்றால், அந்த வீட்டில் இன்னொரு சாவு விழ வேண்டும். அதனால்தான் வாயைத் திறக்காமல் எழும்புவது. அதனால்தான் அவர் ஒவ்வொரு தடவையும், அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சொல்லாமல் வைத்தார்.

“நான் எடுத்துச் சொல்லட்டோ ஐயா?”

“நீர் சொன்னால் சாட்டுச் சொல்லுறீர் எண்டு நினைப்பா.”

“அப்ப நீங்களே எடுத்து, கடைசியில ஒரு பாய் சொல்லிப்போட்டு வையுங்கோ. இண்டைக்கு மட்டும். எல்லாம் சரிவரும்.”

“என்ர வாயாலையோ? அந்தப் பிள்ளைக்கோ?”

“ஒரே ஒருக்காத்தானே ஐயா.”

“ஏலாது தம்பி,” என்றார் மயில்வாகனம். “சாம்பல் போனாலும் போகட்டும். அது ஏலாது.”

*

முதல் தடவை எடுத்தார். மணி அடித்து நின்றது.

இரண்டாம் தடவை. ஹெலன் வெட்டிவிட்டாள். வெட்டுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பிரேமினி எழுதிக்கொடுத்த வசனங்களில் இதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் கேட்கலாம். வழி கேட்கலாம். யன்னலைத் திறக்கச் சொல்லலாம். உன்னை வெறுக்கவில்லை என்று சொல்ல என்ன கேட்பது?

மூன்றாம் தடவை திரை தெளிந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். மழைச்சட்டை போட்டிருந்தாள். பின்னால் மேசையில் முதுகுப்பை ஒன்று கட்டி முடித்து நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டி. அது என்ன பெட்டி என்று அவர் கேட்கத் தேவைப்படவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

“எனக்கு நேரமில்லை,” என்றாள் ஹெலன். அது விளங்க அவருக்கு மெத்த ஆங்கிலம் தேவைப்படவில்லை.

“ஹெலன். குட் யூ பிளீஸ் லிஸன்? டூ மினிட்ஸ். பிளீஸ்.”

அவள் கதிரையில் இருக்கவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை.

அவர் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அவருடைய ஆங்கிலம் இப்படித்தான் வந்தது:

“என் ஊர். செத்த வீடு. ஆட்கள் வருவார்கள். இருப்பார்கள். போவார்கள். குட்பை இல்லை. ஒருவரும் குட்பை இல்லை.”

அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

“குட்பை என்றால், மறுபடி வருவேன். மறுபடி வந்தால், மறுபடி சாவு. அந்த வீட்டில். அதனால் குட்பை இல்லை. கெட்டது.” அவர் விரலால் திரையைத் தொட்டார். அவள் இருந்த இடத்தைத் தொட்டார். “அந்த வீட்டில், இப்போது யார்? நீ. நீ மட்டும். எனக்குப் பயம். அதனால் வைத்தேன். ஒவ்வொரு நாளும். கோபம் இல்லை. பயம்.”

மழைச்சட்டை உரசும் சத்தம் நின்றது.

“எனக்காகவா?” என்று கேட்டாள் ஹெலன்.

“உனக்கு. உனக்கு மட்டும்தான். எனக்கு அங்கே வேறை ஆர்?”

கடைசி இரண்டு சொற்களும் தமிழில் வந்துவிட்டன. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவளும் அதற்குப் பொருள் கேட்கவில்லை.

ஹெலன் மெல்லக் கதிரையில் இருந்தாள். மழைச்சட்டையோடு. வெகு நேரம் குனிந்தே இருந்தாள். மயில்வாகனம் காத்திருந்தார். கடையில் வளர்ந்தவருக்குக் காத்திருக்கத் தெரியும். ஆள் ஒன்றை எடுக்கலாமா விடலாமா என்று நிற்கும்போது இடையில் வாய் வைக்கக் கூடாது.

“நீங்கள் என்னை வெறுக்கிறீர்கள் என்று நினைத்தேன்,” என்றாள், மெதுவாக, அவருக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாக. “அன்று காலை மழை. பஸ்ஸில் போ என்று நான் சொல்லவில்லை. அதற்காக.”

“நோ,” என்றார் அவர். “நோ, நோ, நோ.” அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து போய்ப் பச்சைப் பெட்டியை எடுத்து வந்து மடியில் வைத்தாள்.

“பாதி,” என்றாள். “ஒரு பிடி இல்லை. பாதி. ஜெகதீஸிடம் கொடுக்கிறேன். யாரோ ஊருக்கு வருகிறார்களாம். உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு முன் வந்து சேரும்.”

மயில்வாகனம் கைகூப்பினார். ‘தாங்க்யூ’ என்ற சொல் இருந்தது. வாயில் இருந்தது. வரவில்லை.

“நான் ஒன்று கேட்கலாமா?” என்றாள் ஹெலன்.

அவர் நிமிர்ந்தார்.

அவள் பெட்டியின் மூடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டு கேட்டாள். பிரேமினி பலகையில் எழுதியவற்றிலேயே மிக மரியாதையான வசனம் எதுவோ, அதே மாதிரி. “சிறுவனாக அவன் எப்படி இருந்தான் என்று எனக்குச் சொல்ல முடியுமா? உங்களுக்குச் சிரமமில்லை என்றால்? நான் கேட்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவான். இனி எனக்குச் சொல்ல நீங்கள் மட்டும்தான்.”

கேள்வி முழுதாக விளங்கியது. அதுதான் கொடுமை.

“ஹி…” என்று தொடங்கினார். “ஸ்மோல். ஹி ஸ்மோல் போய்…” நின்றது. கைகளால் ஒரு உயரத்தைக் காட்டினார். அந்த உயரத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமையாகக் கேட்பதற்கே படித்தவர். சொல்வதற்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. பாதி கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு சொல் இல்லை.

“தமிழில்,” என்றாள் ஹெலன். “பிளீஸ். எனக்கு விளங்காது. பரவாயில்லை. அவன் தூக்கத்தில் தமிழில்தான் கதைப்பான். கேட்டுக்கொண்டு கிடப்பேன்.”

மயில்வாகனம் போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

“கரனுக்கு அப்ப ஒன்பது வயசிருக்கும்,” என்று தொடங்கினார். “பள்ளிக்கூடம் விட்டு வீட்டை வரமாட்டான். எங்கை போனவன் எண்டு தேடினால், ஊர்காவற்துறையிலை இருந்து காரைநகருக்கு ஆக்களை ஏத்திற மிதவை ஒண்டு ஓடும், பாதை எண்டு சொல்லுறது, அதிலை நிப்பான். அங்கை போவான். இறங்கமாட்டான். அதிலையே திரும்பி வருவான். பேந்தும் போவான். ஒருநாள் பாதைக்காரன் காதிலை பிடிச்சு என்னட்டைக் கொண்டு வந்து விட்டவன். ‘உன்ர பொடியன் என்ன, சம்பளமில்லாத கப்டனோ?’ எண்டு கேட்டவன். நான் அடிக்கக் கையை ஓங்கிப்போட்டு, ஏனடா போறனி எண்டு கேட்டன். அவன் சொல்லுறான், ‘நடுக்கடலிலை நிண்டு பாத்தால் எங்கட கரை எவ்வளவு வடிவாயிருக்கு தெரியுமோ அப்பா’ எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அடிக்கேல்லை. அண்டு தாய்தான் ரெண்டு குடுத்தவ. எனக்கும் சேத்துக் குடுத்தவ.”

அவர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து ஹெலனும் சிரித்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ‘கரன்’ என்ற பெயர் வந்த இடத்தில் மட்டும் அவள் தலை ஒருதரம் நிமிர்ந்திருந்தது.

வெளியே ஆடு கத்தியது. அவர் மேசையில் கிடந்த திருநீற்றுத் துகளை விரலால் ஒதுக்கினார். அங்கே யன்னலில் மழை விழும் சத்தம், போனுக்குள்ளால் வந்து இந்த வெயிலில் கேட்டது.

ஹெலன் மழைச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். பயணத்துக்குக் கட்டிய பையை மேசையிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தாள்.

“இன்னொன்று?” என்றாள். “குட் யூ, பிளீஸ்?”

மயில்வாகனம் போனைச் செம்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இன்னொண்டு,” என்றார். “இது அவனுக்குப் பல்லு விழுந்த கதை.”

அவளுக்கு விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டினாள்.